இன்னொருவன் அடைத்த தோட்டா

ஒருவன் அடைத்த தோட்டாவை இன்னொருவன் சுடக்கூடாது. எங்கள் கால்டர் கிரீக் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அடுத்தவன் பல் பிரஷை வாயில் வைக்காதே என்று யாராவது சொல்லித் தருகிறார்களா? அதைப் போலத்தான். பித்தளைக் கூட்டுக்குள் எவ்வளவு வெடிமருந்து போட்டான், போடும்போது போன் அடித்ததா, பெண்டாட்டியோடு சண்டை நடந்துகொண்டிருந்ததா, எவன் கண்டான்? கூடப்பிறந்தவனே கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, குண்டைப் பிடுங்கி, மருந்தைத் தோட்டத்தில் கொட்டிவிடுவோம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அதனால்தான், ஜூலை மாதத்தில் என் பெட்டியிலிருந்த ஐம்பது தோட்டாக்களும் நான் அடைத்தவை இல்லை என்று தெரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் சின்ன மூடி ஒன்று பதித்திருக்கும், பிரைமர் என்போம். ஈரம் இறங்காமல் இருக்க அதன் விளிம்பில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பது என் வழக்கம். என் மனைவி மாக்ஸீன் வேண்டாமென்று ஒதுக்கிய சிவப்பு. நான் வைத்தால் வெங்காயத்தோல் கனம்கூட இருக்காது. அன்றைக்குப் பெட்டியைத் திறந்து கட்டைவிரலால் தடவுகிறேன், மேடு தட்டுகிறது. ஒன்றில் இல்லை, ஐம்பதிலும்! யாரோ பிரஷை முக்கி அப்பியிருக்கிறான்.

மூன்று தோட்டாக்களைப் பிரித்தேன். மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினேன். நாங்கள் கிரெயின் கணக்கில் அளப்போம். ஒரு கிரெயின் என்பது ஒரு கோதுமை மணியின் எடை, அவ்வளவுதான். நான் வைப்பது முப்பத்தெட்டு. புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச அளவும் அதுதான். தராசுக் கோலில் வரிசையாக வெட்டுகள் இருக்கும், அவற்றின்மேல் நகர்த்தும் எடைக்கட்டியைப் படி என்போம், பெரிய படி வெட்டுக்கு ஐந்து கிரெயினாகத் தாண்டும், சின்னப்படி ஒவ்வொன்றாக. அந்த எண்களை எறும்புக்கு எழுதியது மாதிரி பொறித்து வைத்திருப்பார்கள். முப்பது வருஷமாக அளக்கிறவனுக்கு எண் எதற்கு? நகத்தால் வருடி எண்ணிவிடுவேன். எண்ணினேன். முப்பத்து மூன்று. அடுத்ததும் முப்பத்து மூன்று. மூன்றாவதும்.

தற்செயலாக நடந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். மூன்றிலும் ஒரே ஐந்து குறைந்தால் அது கை தவறியது இல்லை. தெரிந்தே செய்த வேலை.

மருந்து குறைந்தால் குண்டு சரியாகப் போகாது, போட்டியில் தோற்கலாம். தோற்றால் போகட்டும், குடியா முழுகிப்போகும்? ஆனால் ரொம்பக் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பின்னால் வருவது அதில் போய் மோதினால் துப்பாக்கியே வெடிக்கும். என் துப்பாக்கி பிரிட்டிஷ் பட்டாளத்தில் ஒரு யுத்தம் பார்த்தது. பட்டாளம் கழித்துக் கட்டியதை என் மாமனார் தபாலில் வாங்கினார். சுடும்போது, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் அதன் போல்ட்டுக்கும் சுடுகிறவர் கண்ணுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. இந்த வருஷம் அந்த இடத்தில் என் கண் இருக்கப்போவதில்லை. எனக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன். செப்டம்பரில் நடக்கும் பழைய பட்டாளத் துப்பாக்கிப் போட்டியில் எனக்குப் பதிலாகப் படுத்துச் சுடப்போகிறவள் என் மகள் ரோனா.

என் மகள் முகத்துக்கு நேராக எவனோ விளையாடுகிறான்.

எவன் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகவில்லை. கராஜில் புதினா வாடை அடித்தது. என் வீட்டில் யாரும் புதினா வாசனைப் புகையிலைப் பொடி அதக்குவதில்லை. இந்த ஊரில் இருபத்துநாலு மணி நேரமும் அதை உதட்டுக்குள் அடக்கிவைத்திருப்பவன் ஒருத்தன்தான், லைல் கசார்ட். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், நாற்பது வருஷச் சிநேகிதன். போட்டியில் எனக்கு அடுத்த இடத்திலேயே வந்து வந்து அலுத்துப்போனவன். அதுமட்டுமா? பள்ளிக்கூட நாட்களில் நடன விருந்துக்கு மாக்ஸீனைக் கூட்டிப்போனவனும் அவன்தான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஜூலைக்கு அப்புறம் எடுத்துக்கொண்டேன்.

அவன் எப்போது வந்திருப்பான்? புதன்கிழமை மதியம். அன்றைக்குத்தான் நான், பழைய பட்டாளத்தார் கூடும் லீஜியன் ஹாலில் சீட்டாடப் போவேன். இப்போதெல்லாம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன் என்பது வேறு விஷயம், அங்கே விளக்கு சரியில்லை. அப்படியென்றால் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்?

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மாக்ஸீனிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "லைல் இந்தப் பக்கம் வந்தானா?"

"எந்த லைல்?"

"ஊர்ல எத்தனை லைல் இருக்கான்?"

"ஓ, அவனா? போன வாரம் தக்காளி கொண்டாந்து குடுத்தான்." முகத்தைத் திருப்பிக்கொண்டு உருளைக்கிழங்கை மசித்தாள். "வெர்லின், வெள்ளிக்கிழமை டாக்டர் ஊர்ல இருக்காராம். ஒரு எட்டு போய்க் கண்ணைக் காட்டிட்டு வந்துடலாமே."

பேச்சை எப்படி மாற்றுகிறாள் பார்! "என் கண்ணுக்கு என்ன கேடு? நல்லாத்தான் தெரியுது."

"அப்ப உப்பு ஜாடியை எடுத்து ஏன் காப்பியில கொட்டுற?"

"ரெண்டும் ஒரே மாதிரி ஜாடி. யாரு வாங்கினது?"

வாயில் உப்புக் காப்பியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவள் என் கண் முன்னால் பொய் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அது தோட்டாவைவிட அதிகமாகவே வலித்தது.

மறுநாள் ஒரு பூட்டு வாங்கிவந்தேன். பழைய தோட்டாக்களை எல்லாம் பிரித்துக் கொட்டிவிட்டு ஐம்பதைப் புதிதாக அடைத்தேன். அடைக்கும்போது ரேடியோ கிடையாது. மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான், இரண்டாவது டப்பா மேசைக்கு வரவே கூடாது. கூடுகளை ஒவ்வொன்றாக விரலால் துழாவிப் பிளவு இருக்கிறதா என்று பார்த்தேன். தராசு வெட்டுகளை ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணிப் படியை வைத்தேன். இதற்குமேல் ஜாக்கிரதையாக ஒருவன் தோட்டா அடைக்க முடியாது. அடைத்ததை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை.

"வெர்லின், அலமாரிச் சாவி எங்க?"

"எதுக்கு?"

"இன்ஷூரன்ஸ் காகிதத்தை உள்ள வைக்கணும்."

"இத்தனை வருஷமா ரொட்டி டப்பாவுலதானே வெச்சிருந்த? இப்ப என்ன, எலி படிக்குதா?"

"கேட்டா குடேன்! என்ன பெரிய ராணுவ ரகசியம்!"

"குடு, நானே வெச்சிடறேன்."

அவள் காகிதத்தைக் கொடுக்கவே இல்லை. அடுத்த புதன்கிழமை நான் சீட்டாடப் போவதுபோல வண்டியை எடுத்து, தேவாலயத்துப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்தேன். வேலியோரம் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கராஜ் வாசலில் இரண்டு பேர். ஒன்று மாக்ஸீன். இன்னொன்று உயரத்தை வைத்துச் சொல்கிறேன், லைல். அவன் ஏதோ சொல்ல, இவள் முகத்தைக் கையால் மூடிக்கொள்ள, அவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

பாய்ந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது, அதுவும் ஊர் பார்க்க.

போட்டியன்று காலையில், பெட்டி மேல் என் கையெழுத்தில் தேதி எழுதிய காகிதத்தை ஒட்டி வண்டிப் பின்சீட்டில் வைத்தேன். ஆனால் உள்ளே இருந்தது வெறும் பழைய கூடுகள். நிஜத் தோட்டாக்களை ஒரு துணி உறையில் போட்டு என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது மாக்ஸீன் எதையோ மறந்ததுபோல வண்டிக்கு இரண்டு தடவை போய் வந்தாள். அப்புறம் பாட்டுகூட முணுமுணுத்தாள். அடி கள்ளி, மாற்றிவிட்டாயா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த மாதிரி ஒரு கசந்த சிரிப்பை அதற்கு முன் நான் சிரித்ததில்லை.

துப்பாக்கிச் சங்கத்து மைதானத்தில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். மாக்ஸீன் எப்போதும்போல சங்கக் கட்டிடத்தில் சில்லிக் குழம்பும் ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரமும் விற்கப் போய்விட்டாள். ரோனா பாயை விரித்துப் படுத்தாள். முப்பத்துநாலு வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பாள். சுடும்போது போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இரண்டு இடம் தள்ளி லைல் படுத்திருந்தான்.

"அப்பா, பெட்டி வண்டியில இருக்கு. அம்மா எடுத்துத் தரச் சொன்னாங்க."

"அது வேண்டாம்." கோட்டுப் பையிலிருந்து எடுத்து அவள் பக்கத்தில் அடுக்கினேன். "இதைச் சுடு. நானே கண்ணு மாதிரி பாத்து அடைச்சது."

"என்னப்பா இது, கடத்தல் சரக்கு மாதிரி?"

"கேள்வி கேக்காம சுடுடி."

சுடலாம் என்று கொடி இறங்கியது. முதல் குண்டு போனது. சத்தம் கொஞ்சம் காட்டமாக இருந்தது எனக்குத் திருப்திதான். முழு மருந்து, ஐந்து கிரெயின் திருடாத மருந்து! ரோனா போல்ட்டைத் தூக்கப் பார்த்தாள், வரவில்லை.

"அப்பா, இறுகிப்போச்சு. உதை வேற எப்பவும்விட ஜாஸ்தியா இருக்கு."

"எண்பது வருஷத் துப்பாக்கி, உன்னை மாதிரியே பிடிவாதம். உள்ளங்கையால தட்டு."

தட்டினாள். மறுபடி தட்டினாள். திறந்தது. அடுத்ததைப் போட்டாள். நான் அவள் முகத்துக்குப் பக்கவாட்டில், ஒரு மூன்றடி தள்ளிக் குந்தி லைலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தன் குறிப்பலகையைப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டினாயா மகனே, நீ வைத்த சரக்கு இங்கே வெடிக்கவில்லை என்றுதானே பார்க்கிறாய்?

இரண்டாவது குண்டு வெடித்தது. ரோனா "ஆ" என்றாள். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். போல்ட் அசையவில்லை.

"என்ன?"

"ஏதோ மூஞ்சியில... பரவாயில்லை. திறக்க மாட்டேங்குது அப்பா."

"தட்டித் திற. அடுத்ததைப் போடு. நேரம் போகுது."

"நிறுத்து! சுடாதீங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

லைல்தான். எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தினான். எங்கள் மைதானத்தில் யார் வேண்டுமானாலும் இப்படிக் கத்தலாம். கத்தினால் அத்தனை பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். காரணமில்லாமல் கத்தினவன் அந்த வருஷம் முழுக்கத் துப்பாக்கியைத் தொடக்கூடாது. நாற்பது வருஷத்தில் லைல் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "என்னடா காரணம்? சொல்லுடா! என் பொண்ணு ஜெயிச்சிடுவான்னு வயித்தெரிச்சல், அதானே?"

"வெர்லின், அந்தத் தோட்டா எங்கேருந்து வந்தது?"

"என் பையிலேருந்து! நீ கை வைக்க முடியாத இடத்துலேருந்து! என் கராஜுக்குள்ள பூந்து அஞ்சு கிரெயின் திருடினவன்தானே நீ? கூடச் சேந்தவ யாருன்னும் எனக்குத் தெரியும்!"

கூட்டம் கூடிவிட்டது. கரண்டியும் கையுமாக மாக்ஸீன் ஓடி வந்தாள். ரோனாவின் பக்கத்தில் கிடந்த உறையை மாக்ஸீன் பார்த்தாள். "பெட்டி... நான் பெட்டியை மாத்தி வெச்சேனே லைல்! காலைல நானே மாத்தி வெச்சேனே!"

"கேட்டீங்களா எல்லாரும்?" என்று நான் ஊரைப் பார்த்துக் கத்தினேன். "அவ வாயாலேயே வந்திடுச்சு!"

சங்கத்து மேசைக்குப் போனோம். சங்கத் தராசும் என்னுடைய அதே தினுசுதான். உறையிலிருந்த தோட்டா ஒன்றை ரோனாவே எடுத்தாள். பிரித்து மருந்தைத் தட்டில் கொட்டினாள். கோல் அசையாமல் நிற்கும் வரைக்கும் லைல் படிகளை நகர்த்தினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். "தள்ளு. நான் படிக்கறேன்." நகத்தால் வருடினேன். எண்ணினேன். ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். "முப்பத்தெட்டு! பாத்தீங்களா? ஒரு மணி கூடவும் இல்லை, குறைவும் இல்லை."

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"என்ன, ஊமையாயிட்டீங்களா?"

"அப்பா." ரோனா மெதுவாகச் சொன்னாள். "நாப்பத்து மூணு."

"என்னது?"

"பெரிய படியோட முதல் வெட்டு, கோலைத் தாங்கற முட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கு. நகம் அதைத் தொடாது, கண்ணாலதான் தெரியும். நீங்க ரெண்டாவதை ஒண்ணுன்னு எண்ணறீங்க. நாப்பத்து மூணு அப்பா."

அவளும் சேர்ந்துகொண்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கடவுள் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சங்கத்துக் காரியதரிசியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நாற்பத்து மூன்று. பக்கத்து ஊரிலிருந்து வந்த, என்னை முன்பின் பார்த்தறியாத ஒரு பெண்ணைப் படிக்கச் சொன்னேன். அவளும் கூச்சத்தோடு அதையே சொன்னாள்.

உச்ச அளவுக்குமேல் ஐந்து கிரெயின் என்றால் போல்ட் இறுகும், கூடு கிழிந்து நெருப்பும் தூளும் பின்பக்கம் அடிக்கும். ஒருவர் முகத்துக்கு அருகே அது என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"ரெண்டு வருஷமா இப்படித்தான்," என்றாள் மாக்ஸீன். அழுதுகொண்டிருந்தாள், கோபமாகவும் இருந்தாள். "ஒவ்வொரு தடவையும் அஞ்சு தூக்கல். கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டுன்னு தொண்டை கிழியக் கத்தியாச்சு. லைல் ஒரு தடவை சொல்லப்போனதுக்கு, என் தோட்டாவைப் பத்திப் பேச நீ யாருன்னு வெளியே போகச் சொன்னியே, ஞாபகம் இருக்கா? வேற என்ன பண்றது? நீ சீட்டாடப் போனதும் இவன் வந்து எல்லாத்தையும் பிரிச்சு, சரியா அளந்து, திரும்ப அடைச்சு வெச்சிட்டுப் போனான். ஜூலையில மட்டும் பூச்சை நான் வெச்சேன், எனக்குச் சொட்டு வைக்கத் தெரியலை. அப்பிட்டேன். இந்தத் தடவை நீ சாவியைத் தரலை, அதான் இவன் தனியா ஒரு பெட்டி அடைச்சுக் குடுத்தான்."

"அப்ப ரெண்டு வருஷமா நான் சுட்டது..."

"என்னோடதுதான்," என்றான் லைல். "அதான் ஜெயிச்ச." எப்போதும்போலக் கேலியாகத்தான் சொல்லப் பார்த்தான், சரியாக வரவில்லை.

வேறு நாளாக இருந்தால் இதற்கே கூனிக்குறுகிப் போயிருப்பேன். அன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நான் ரோனாவைப் பார்த்துத் திரும்பினேன். கண்ணாடியைக் கழற்றி கையில் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் தொப்பியின் நிழல் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் தொப்பி மேசைமேல் கிடந்தது. கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டேன். சொரசொரவென்று இருந்தது, கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு. அவள் வலியில் முகத்தைச் சுளித்தாள். விரலை எடுத்தபோது ஈரமாக இருந்தது.

சுற்றி நின்ற நாற்பது பேரும் அதை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. அதனால்தான் எனக்குப் புரிந்தது.

"எப்ப ஆச்சு இது?"

"ரெண்டாவது குண்டுக்கு."

"ஏன்டி சொல்லலை?"

ரோனா என்னையே பார்த்தாள். "நீங்க மூணடி தள்ளித்தான் இருந்தீங்க அப்பா. ரத்தம் வழியறதைப் பாத்துட்டுத்தான் அடுத்ததைப் போடச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."